பஸ் முதலாளிகளுக்கு ‘செக்' வைத்த ஜில்லா போர்டு தலைவர்

சென்னை பாண்டி பஜாருக்கு துணி எடுக்க போறவங்க பலருக்கு, அது யார் பெயர்னு தெரியாது. அவர்தான் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சவுந்திரபாண்டியன்.

1893-ல் பிறந்த இவர், 1928-ல் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவரானார். ரோடு, பள்ளிக்கூடம் என கிராமத்து காரியங்கள் அப்போது போர்டு கையில் இருந்தன.

அந்தக் காலத்தில் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டார்கள். கையில் காசு இருந்தாலும் நடைதான்.

பதவிக்கு வந்த சவுந்திரபாண்டியன் அதிரடியாக உத்தரவு போட்டார். யாரையாவது சாதி பார்த்து ஏற்ற மறுத்தால் அந்த பஸ்சின் லைசென்ஸ் ரத்து!

1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்கும் இவரே தலைமை தாங்கினார். 1953-ல் காலமானார்.

ஜில்லா போர்டுகளும் பிறகு கலைக்கப்பட்டன. பஜாரில் மட்டும் இன்னும் அவர் பெயர் நிற்கிறது.