பப்ரிசியஸின் வேதவாசிப்பும் விடாத ஜெபமும்

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாற்றை எழுதுவோர் சீகன்பால்குவை விரிவாகப் பேசுவர். இரேனியஸையும் பவரையும் விரிவாகப் பேசுவர். இவர்களுக்கு இடையில் வாழ்ந்த ஜொஹான் பிலிப் பப்ரிசியஸுக்கு (1711-1791) ஒரு பத்தி ஒதுக்கப்படும். அப்பத்தியில் புதிய ஏற்பாடு அச்சான ஆண்டும் அகராதி அச்சான ஆண்டும் இடம்பெறும். திருச்சபை வரலாற்று நூல்கள் இதற்கு மாறானவை. அவை அவரைப் புனிதர் நிலையில் வைத்துப் போற்றிவிட்டு, அவர் கடனுக்காகச் சிறைப்பட்ட செய்தியை ஓரிரு தொடர்களில் கடந்துவிடும். மொழிபெயர்ப்பாளர், பக்தர், கடனாளி என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கும் இவ்வாழ்க்கையை இணைத்து நோக்கினால், மூன்றுக்கும் அடியில் ஒரே பழக்கம் இருந்தமை புலப்படும். நாள்தோறும் வேதத்தைச் சொல் சொல்லாக வாசித்து, வாசித்ததை ஜெபமாக்கி, பலன் வரும்வரை காத்திருத்தல் என்பதே அப்பழக்கம்.

ஹாலேயில் பெற்ற பயிற்சி

பப்ரிசியஸ் 1711ஆம் ஆண்டு சனவரித் திங்களில் செருமனியின் ஹெஸ்ஸன் பகுதியிலுள்ள கிளேபெர்க் என்னும் ஊரில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்றார். பின்னர் இறையியலுக்குத் திரும்பி ஹாலே பல்கலைக்கழகத்தை அடைந்தார். சட்டம் பயின்றவர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவருடைய முதுமைக் காலத்தைப் பேசும்போது இச்செய்தி மீண்டும் எதிர்ப்படும்.

ஹாலேயில் அப்போது நிலவியது பக்தி இயக்கத்தின் சூழல். அதனை உருவாக்கிய ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே 1727இல் மறைந்துவிட்டார். எனினும் அவர் வகுத்த முறை நிலைத்திருந்தது. அம்முறையில் வேதவாசிப்பு அறிவு பெறுவதற்கான படிப்பு மட்டும் அன்று. வாசிக்குமுன் ஜெபித்தல் வேண்டும். வாசிக்கும்போது ஒரு சொல் நெஞ்சைத் தொடுமாயின் அங்கேயே நின்று அச்சொல்லை ஜெபமாக்குதல் வேண்டும். வாசித்து முடித்தபின் தன் வாழ்வில் அதனைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். எபிரேயமும் கிரேக்கமும் கற்பிக்கப்பட்டது இதன் பொருட்டே. மூலமொழியின் ஒரு வேற்றுமையுருபையோ ஒரு காலங்காட்டும் இடைநிலையையோ ஊன்றி நோக்குவது அவர்களுக்கு இலக்கணப் பயிற்சியும் வழிபாடும் ஆயிற்று. மலிவு விலையில் வேதத்தை அச்சிட்டுப் பரப்ப 1710இல் கான்ஸ்டைன் என்பார் ஹாலேயில் நிறுவனம் தொடங்கியதும் இதே நோக்கத்தால்தான். குருமார் மட்டுமன்றி எளிய குடும்பத்தாரும் நாள்தோறும் வீட்டில் வாசித்தல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

இப்பயிற்சியோடு பப்ரிசியஸ் 1740இல் தரங்கம்பாடிக்கு வந்தார். ஈராண்டுகளில் சென்னைக்கு மாற்றப்பட்டார். அங்குப் பணியாற்றிய பெஞ்சமின் சூல்ச் தாயகம் திரும்ப, சென்னைச் சபையின் பொறுப்பு அவர்மீது விழுந்தது. பின்னர் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை.

இருபதாண்டுத் திருத்தம்

அவர் கைக்கு வந்த தமிழ் வேதம் இரு கைகளால் ஆனது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714-1715இல் தரங்கம்பாடியில் அச்சானது. பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை பெயர்த்துவிட்டு அவர் 1719இல் மறைய, எஞ்சியதை சூல்ச் முடித்தார். இம்மொழிபெயர்ப்பின் தமிழ்நடை கற்றோரிடம் மதிப்புப் பெறவில்லை. கத்தோலிக்கத் தரப்பில் வீரமாமுனிவர் அதனைக் கடுமையாக இகழ்ந்தார். சமயப் பகை அதில் கலந்திருந்தது என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பப்ரிசியஸும் அந்நடையில் மனநிறைவு கொள்ளவில்லை என்பது எண்ணத்தக்கது. வழிபாட்டில் நாள்தோறும் செவியிற் படவேண்டிய நூல் செவியை உறுத்துமாயின் வாசிப்புப் பழக்கமே நிலைக்காது.

ஆதலின் அவர் திருத்தத் தொடங்கினார். திருத்தம் நாளடைவில் புதிய மொழிபெயர்ப்பாகவே வளர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்பணியில் கழிந்தன. மூலத்தை ஒரு சொல்லும் தவறாமல் ஒப்பிட்டுப் பெயர்த்தபின், கற்றோர்க்கும் கல்லாதார்க்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் எங்குத் தடுமாறினார்களோ அங்கு மீண்டும் திருத்தினார். ஆய்வறையில் எழுதி முடித்த நடையன்று அது. கேட்போர் செவியில் பலமுறை சோதிக்கப்பட்ட நடை.

பப்ரிசியஸ் மூலவேதத்தின் ஊடே முழந்தாளிட்டே ஊர்ந்து சென்றார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. இதனைச் சொல்லுக்குச் சொல் உண்மையாகக் கொள்ளுதல் அரிது. எபிரேய நூல், கிரேக்க நூல், முந்தைய தமிழ்ப் பெயர்ப்புகள் ஆகிய அனைத்தையும் பரப்பிவைத்து முழந்தாளில் நின்று இருபதாண்டுகள் ஒருவர் எழுத இயலாது. எனினும் ஹாலேயின் வாசிப்பு முறையை அறிந்தோர்க்கு இச்செய்தி வெறும் புனைந்துரையாகத் தோன்றாது. ஒரு சொல்லில் நின்று ஜெபித்துவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்லும் வாசகரே மொழிபெயர்ப்பாளராகவும் அமைந்தால், அவருடைய மொழிபெயர்ப்பு ஊர்ந்துதான் செல்லும். இந்நூல் காலம் தாழ்ந்ததற்கும் அதன் செறிவுக்கும் காரணம் இதுவே எனலாம்.

காலமும் அவருக்கு உகந்ததாக இல்லை. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. பப்ரிசியஸ் ஒல்லாந்தர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியபின் வேப்பேரி அவர் பணிக்களமாயிற்று. அவ்வாண்டுமுதல் பிரைட்ஹாப்ட் என்பார் அவருடன் துணைநின்றார். 1758ஆம் ஆண்டின் இறுதியில் லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டபோது வேப்பேரி சூறையாடப்பட்டது. இருவரும் மீண்டும் பழவேற்காட்டுக்கு ஓடவேண்டியதாயிற்று. விடாமல் ஜெபித்தல் என்பதை அமைதியான அறையில் நிகழும் செயலாகக் கருதுவோர் இவ்வாண்டுகளை எண்ணிப் பார்க்கலாம். சபை சிதறும், மீண்டும் கூடும், விட்ட அதிகாரத்திலிருந்து வாசிப்பு தொடரும்.

போரால் ஒரு நன்மையும் விளைந்தது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறி சென்னைக்கு வந்து வேப்பேரிக்குக் கிடைத்தது. கும்பினிக்கு வேண்டியவற்றையும் அச்சிட்டுத் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வச்சகத்தில் 1772இல் பப்ரிசியஸின் புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1779இல் பிரைட்ஹாப்டோடு இணைந்து தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி அச்சாயிற்று. செருமானிய ஞானப்பாடல்கள் பலவற்றையும் அவர் தமிழில் தந்தார். அயல்மெட்டுக்குள் அடங்கிய அப்பாடல்களில் தமிழ் யாப்பின் ஓட்டத்தை எதிர்பார்த்தல் இயலாது; ஆயினும் சபையார் அவற்றைப் பாடினர்.

அவர் ஆண்ட சொற்களுள் பராபரன் என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. சீகன்பால்கு கத்தோலிக்க வழக்கிலிருந்த சருவேசுரன் என்னும் சொல்லை ஆண்டிருந்தார். பப்ரிசியஸ் பராபரனைத் தேர்ந்தார். அவருக்குச் சமகாலத்தவரான தாயுமானவர் பராபரக்கண்ணி பாடிய நூற்றாண்டு அது. ஒருவர் மற்றவரை அறிந்திருந்தார் என்று கூறச் சான்றில்லை. ஆனால் இறைவனை நோக்கி நெஞ்சுருகி அழைக்கும் விளியாக அச்சொல் தமிழ்நாட்டில் அப்போது உயிரோடு இருந்தது; ஜெபத்தில் ஒலிக்கத்தக்க சொல்லையே அவர் வேதத்திற்குள் கொணர்ந்தார்.

கடன்

அவர் வாழ்வின் பிற்பகுதி எழுதுவோரைத் தயங்கச் செய்வது. சபைப் பணத்தோடு, அவருடைய நேர்மையை நம்பிப் பிறர் ஒப்படைத்த பணமும் அவர் பொறுப்பில் இருந்தது. அதனை அவர் வட்டிக்குக் கொடுத்தார். அக்காலச் சென்னையில் இது வியப்பானதன்று. ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்கும் அவர் சுற்றத்தார்க்கும் கடன் கொடுத்து மிகுவட்டி பெறக் கும்பினி ஊழியர்களே போட்டியிட்ட காலம் அது. பப்ரிசியஸ் கொடுத்த பணத்திலும் ஒரு பகுதி நவாபின் உறவு வட்டத்தாரிடம் சென்றது. பணம் திரும்பவில்லை. பணம் வைத்தோர் முறையிட்டனர், வழக்கு எழுந்தது. முதுமையில் அவர் ஒருமுறையன்றிச் சிறைப்பட்டார்.

தனக்கென அவர் ஒன்றும் சேர்க்கவில்லை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. இதைச் சொல்லி அவரை விடுவித்துவிடுவது பக்தி நூலாரின் வழக்கம். பணத்தை இழந்தவர்களின் நிலையிலிருந்து நோக்கினால் இவ்விடை போதாது. சட்டம் பயின்றவர், மூலநூலில் ஓர் எழுத்தையும் ஐயுற்று நோக்கியவர், கடன் வாங்க வந்தோரின் சொல்லை ஏன் ஐயுறவில்லை என்னும் வினா எஞ்சுகிறது.

விடை அவருடைய நற்பண்பிலேயே உள்ளது என்று கருத இடமுண்டு. ஜெபத்தில் விடை தாழ்ந்தால் மீண்டும் கேட்டுக் காத்திருத்தல் வேண்டும் என்று அவர் கற்றிருந்தார். இருபதாண்டுகள் ஒரு நூலுக்காகக் காத்திருந்து அதன் பயனையும் கண்டார். தருவதாகச் சொன்ன கடனாளி இன்று தரவில்லையாயின் நாளை தருவான் என்று காத்திருப்பதும் அதே மனத்தின் செயலே. முன்னதில் வாக்குத் தந்தவர் இறைவன் என்பது அவர் நம்பிக்கை. பின்னதில் வாக்குத் தந்தவர் நவாபின் சுற்றத்தார். இவ்வேறுபாட்டை அவர் காணத் தவறினார். இங்கு லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்து விதவையின் உவமை நினைவுக்கு வரும். நீதி வேண்டி நடுவனிடம் ஓயாது வந்து முறையிட்ட அவ்விதவை விடாத ஜெபத்திற்கு எடுத்துக்காட்டாவாள். அவ்வுவமையைத் தமிழாக்கியவரின் வாயிலில், தம் பணத்திற்காக ஓயாது வந்து நின்றோர் பிறர்.

இதற்கிடையில் 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பும் அதனைத் தொடர்ந்த பஞ்சமும் சென்னையை வாட்டின. 1782இல் பிரைட்ஹாப்ட் மறைந்தார். முப்பதாண்டுகளுக்கும் மேலாக உடனிருந்தவரை இழந்தபின் சபையின் நிருவாகம் மேலும் தளர்ந்தது. 1788இல் நாகப்பட்டினத்திலிருந்து கெரிக்கே வந்து பொறுப்பேற்க, பப்ரிசியஸ் ஓய்வு பெற்றார். பழைய ஏற்பாட்டின் பணி இவ்வாண்டுகளிலும் நிற்கவில்லை. 1777 தொடங்கி அதன் பகுதிகள் தரங்கம்பாடியில் ஒவ்வொன்றாக அச்சேறிவந்தன. வழக்கும் சிறையும் நேர்ந்த ஆண்டுகளும் இந்நூல் அச்சேறிய ஆண்டுகளும் பெரிதும் ஒன்றே என்பதை நூலடைவுகளிலிருந்து அறிய இயலாது.

மாற்ற மறுத்த வாசகர்கள்

அவருடைய மொழிபெயர்ப்பின் வலிமை, அதனை மாற்ற முயன்றபோதுதான் வெளிப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரேனியஸ் எளிய நடையில் புதிய பெயர்ப்பைச் செய்தபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முனைந்து எதிர்த்தார். இதனைப் பழமைப் பற்று என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மூன்று தலைமுறையாக விடியலிலும் இரவிலும் வீட்டில் வாசித்து, மனப்பாடமாகி, ஜெபத்தின் சொற்களாகவே மாறிவிட்ட நூல் அது. அச்சொற்களை மாற்றுவது தம் ஜெபத்தையே மாற்றுவதாகச் சபையார் உணர்ந்தனர். பவர் தலைமையில் 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதலும் பப்ரிசியஸின் பெயர்ப்பையே அடிப்படையாகக் கொண்டது. பராபரனுக்கு மாற்றாகத் தேவன் என்னும் சொல்லை ஏற்றது. லுத்தரன் சபையாரோ அதன்பின்னும் நெடுங்காலம் பப்ரிசியஸின் வேதத்தையே கைவிடாது வாசித்தனர்.

1791 சனவரியில், எண்பது வயது நிறைந்த சில நாள்களில் பப்ரிசியஸ் சென்னையில் காலமானார். பழைய ஏற்பாட்டின் இறுதிப் பகுதி அப்போது அச்சாகியிருக்கவில்லை. அது 1796இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது.