ஊரை அளந்த பேராசிரியர்

பெண்ணாடம் மெய்கண்டார் பிறந்த ஊர். அவர் வளர்ந்ததோ திருவெண்ணெய்நல்லூரில். இரண்டும் பழைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்தத் திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் இருவேல்பட்டு என்று ஒரு கிராமம் இருக்கிறது. பொருளாதாரம் படித்தவர்கள் கடல் கடந்த நாடுகளிலும் இந்தக் கிராமத்தின் பெயரை அறிவார்கள். அதற்குக் காரணம் ஒரு வெள்ளைக்காரர்.

அவர் பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1864-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிளிமத் நகரில் பிறந்தார். அந்த நாட்டில் ஊர்ப் பொது நிலங்களை வேலி போட்டு அடைத்ததைப் பற்றி ஆராய்ந்து 1907-ல் ஒரு நூல் எழுதினார். தொழிலாளர்கள் படிப்பதற்காக ஆக்ஸ்போர்டில் ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1915-ல் சென்னை சர்வகலாசாலைக்கு வந்து, இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியர் ஆனார்.

விடுமுறை வேலை

பட்டணத்தில் உட்கார்ந்து புத்தகம் புரட்டினால் நாட்டின் நிலை தெரியுமா? தெரியாது என்று ஸ்லேட்டர் கருதினார். மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். விடுமுறைக்குச் சொந்த ஊர் போய் விவரம் எழுதி வரும்படி சொன்னார்.

ஊரில் எத்தனை வீடுகள்? நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு? நிலம் யார் கையில் இருக்கிறது? கூலி என்ன? கடன் எவ்வளவு? எல்லா ஊருக்கும் இதே மாதிரிக் கேள்விகள்தான்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஓர் ஊரை மட்டும் பார்த்தால், வறுமை தலையெழுத்து என்று தோன்றும். பல ஊர்களை ஒரே கோலால் அளந்தால், காரணம் வெளியே வந்துவிடும். ஓர் ஊரில் ஆற்றுப் பாசனம். இன்னோர் ஊர் வானம் பார்த்த பூமி. ஆனால் தண்ணீர் மட்டும் போதாது. நிலம் சிலர் கையில் குவிந்திருந்தால், விளைகிற ஊரிலும் உழைப்பவன் வயிறு காயும்.

1916-ல் இருவேல்பட்டில் தெரிந்தது இதுதான். அங்கே படியாட்கள் இருந்தார்கள். கலியாணச் செலவுக்கு வாங்கிய சிறு கடனுக்காக நிலக்காரரிடம் கட்டுண்டு கிடந்தார்கள். அப்பன் பட்ட கடன் பிள்ளை தலையில் ஏறியது. நிலம் கைமாறினால் ஆளும் கைமாறினான்!

அளவுகோல் நிலைத்தது

இந்த விவரங்கள் 1918-ல் நூலாக வந்தன. ஸ்லேட்டர் 1921 வரை பேராசிரியராக இருந்தார். 1938-ல் காலமானார்.

அவர் போன பின்பும் அந்த வேலை நிற்கவில்லை. 1936-37-ல் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். பிறகும் பலர் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008 வரை ஆராய்ச்சி தொடர்ந்தது. படியாள் முறை மறைந்ததும், நிலக்காரர் பிடி தளர்ந்ததும் அதில் பதிவாகின.

ஊருக்கு ஊர் ஏற்றத்தாழ்வு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு, எதனால் என்று எழுதி வைத்தால்தான் அது குறைந்ததா, வளர்ந்ததா என்று பேரப்பிள்ளைகள் கேட்க முடியும். ஸ்லேட்டர் நமக்கு விட்டுப்போனது அந்தக் கணக்குத்தான்.