எம்பிஏ வகுப்பின் அந்த நாலு கட்டம்: யார் இந்த இகோர் ஆன்சாஃப்?

எம்பிஏ படிச்சவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, 'ஆன்சாஃப் மேட்ரிக்ஸ்' கட்டாயம் தெரிஞ்சிருக்கும். ஆனா அதை உருவாக்கியவர் எம்பிஏ படித்தவர் இல்லை. அவர் ஒரு இன்ஜினீயர்!

மாஸ்கோ டு நியூயார்க்

1918-ல் ரஷ்யாவின் விளாடிவோஸ்டாக்கில் பிறந்தவர் இகோர் ஆன்சாஃப். அப்பா அமெரிக்கர், அம்மா ரஷ்யர். 1936-ல் குடும்பத்தோடு நியூயார்க் வந்தார். ஸ்டீவன்ஸ் கல்லூரியில் இன்ஜினீயரிங், பிரௌன் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். அடுத்து ராணுவத்துக்காக ஆய்வு செய்த ராண்ட் நிறுவனத்தில் வேலை.

திருப்புமுனை

1950-களில் லாக்ஹீட் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். ராணுவ ஆர்டர்களையே பெரிதும் நம்பியிருக்கும் கம்பெனி வேறு எந்தத் தொழிலில் இறங்கலாம்? இந்தக் கேள்வியைத்தான் அங்கே அவர் ஆராய்ந்தார். 1957-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் கட்டுரையாக எழுதினார். விஷயம் சிம்பிள். ஒரு கம்பெனி வளர நாலு வழி:

- இருக்கும் பொருளை, இருக்கும் சந்தையில் கூடுதலாக விற்பது
- அதே பொருளைப் புதிய சந்தைக்குக் கொண்டுபோவது
- பழைய வாடிக்கையாளருக்குப் புதிய பொருள் தருவது
- பொருள், சந்தை இரண்டுமே புதுசு. ரிஸ்க் அதிகம் இதில்தான்

கம்பெனி யாருக்காக?

1963-ல் கார்னகி கல்வி நிறுவனத்தில் பேராசிரியரானார். 1965-ல் வந்த 'கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி' புத்தகம் இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டது. பங்குதாரர், ஊழியர், சப்ளையர் என எல்லார் கோரிக்கையையும் சமன்செய்வதே கம்பெனியின் இலக்கு என்ற வாதத்தை அதில் அவர் ஏற்கவில்லை. லாப இலக்கு வேறு, பொறுப்பு வேறு. பொறுப்பு அந்த இலக்குக்கு வரம்பு போடும் என்று பிரித்தார். கார்ப்பரேட் கவர்னன்ஸில் இன்னைக்கும் ஓயாத சண்டை இது. 1969-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் புதிய மேலாண்மைப் பள்ளிக்கு முதல் டீன் ஆனார்.

பிளான் போட்டா போதுமா?

இங்கேதான் சிக்கல். பல கம்பெனிகளில் பிளான் பேப்பரிலேயே நின்றது. அலசி அலசியே முடிவெடுக்காமல் உறைந்துபோகும் நிலை என்று ஆன்சாஃபே இதை அடையாளம் காட்டினார். சூழல் எவ்வளவு வேகமாக மாறுதோ, அதற்கேற்ப கம்பெனியும் மாறணும். ஆபத்தின் சின்ன அறிகுறிகளையே கவனிக்கணும் என்பது அவரது பிற்கால ஆய்வு. கனடா பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், பிளான் போடும் இந்த அணுகுமுறையையே கடுமையாக விமர்சித்தார். 1991-ல், எழுபதைத் தாண்டிய வயதில், ஆன்சாஃப் அதற்கு விரிவாகப் பதில் எழுதினார்.

2002-ல் சான் டியாகோவில் 83 வயதில் காலமானார். அடுத்த முறை ஆபீஸ் பிரசன்டேஷனில் அந்த நாலு கட்டம் வந்தா, கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. லாக்ஹீடில் அவர் தேடிய விடை அங்கேதான் இருக்கு.