எவரெஸ்ட்டுக்குப் போற வழி... பரங்கிமலையில ஆரம்பிக்குது!

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சாச்சு. அதுக்குப் பேரும் வெச்சாச்சு. தாம்பரத்துல ராத்திரி ட்ரெயின் ஏறினா விடியும்போது கொடைக்கானல் ரோடு, அங்கிருந்து மலை. நாலு நாள் நடை, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு இடத்துல தங்கல். ஆல்ப்ஸில் மான்ட் பிளாங்கைச் சுற்றி 170 கிலோமீட்டர், குடில் விட்டுக் குடில் நடந்து போகிறவர்களின் ரீல்ஸைப் பார்த்த நாளிலிருந்து உங்களுக்கும் அதே ஆசை. அப்புறம்தான் சண்டை. எத்தனை லிட்டர் தண்ணி? யார் டென்ட் தூக்கறது? ரெண்டாம் நாள் தங்குற இடத்துக்கு பர்மிஷன் வாங்கியாச்சா? மூணு வாரமா இதே பேச்சு, யாரும் ஒரு அடி நகரலை.

கவலைப்படாதீங்க. உங்க ஏரியாவிலேயே, 1802-ல, இதைவிடப் பெரிய பிளான் ஒண்ணு போட்டார் ஒருத்தர். அடுத்த 20 வருஷமும் அவருக்கு மலைக்கு மலை போறதுதான் வேலை. பாதி வழியிலேயே செத்தும் போனார். ஆனால் அவர் ஆரம்பித்த கோடு இமயமலை அடிவாரம் வரை போய்ச் சேர்ந்தது. எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்குப் போட்டதும் அதே அளவை வேலையின் தொடர்ச்சியாகத்தான்.

பேர் வில்லியம் லாம்டன். இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் சாதாரண விவசாயக் குடும்பத்துப் பையன். கையில் காசு கிடையாது, கணக்கு மட்டும் நன்றாக வரும். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்க சுதந்திரப் போருக்குப் போனவர், 1781-ல் யார்க்டவுனில் கைதியானார். பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பக்கம் பல வருஷம் நில அளவை வேலை. அங்கே சூரிய கிரகணம் பார்க்கப் போய் ஒரு கண்ணைக் கெடுத்துக்கொண்டார். பின்னாளில் வாழ்க்கை முழுக்கத் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கவேண்டிய ஆளுக்கு மிச்சம் இருந்தது ஒரு நல்ல கண்தான்!

1790-களின் கடைசியில் தன் படைப்பிரிவோடு இந்தியா வந்தார். 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான போர். ஒரு நாள் ராத்திரி இருட்டில் ஜெனரல் பெயர்டின் படை நடந்துகொண்டிருக்கிறது. வானத்தைப் பார்த்த லாம்டனுக்கு ஏதோ இடித்தது. தெற்கே போகவேண்டிய படை வடக்கே, நேராக திப்புவின் ஆட்கள் இருக்கும் பக்கம் போகிறது என்று நட்சத்திரங்களை வைத்தே சொன்னார். ஜெனரல் நம்பலை. காம்பஸை எடுத்துப் பார்த்தால், லாம்டன் சொன்னதுதான் சரி. சிக்னல் போனதும் கூகுள் மேப்ஸும் கைவிட, எந்தப் பக்கம் இறங்கறதுன்னு திருதிருன்னு முழிச்சிருக்கீங்களா? அந்த மாதிரி நேரத்துல உங்க குரூப்ல இருக்கவேண்டிய ஆள் இவர்.

திப்பு வீழ்ந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி கையில் திடீரென்று பெரிய நிலப்பரப்பு. வரி வசூலிக்கணும், படையை நகர்த்தணும், அதுக்கு மேப் வேணும். லாம்டனும் அதைச் சொல்லித்தான் அனுமதி கேட்டார். ஆனா அவர் மனசுல இருந்தது வேற. பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்கள் பக்கம் கொஞ்சம் தட்டை என்பது தெரிந்த விஷயம். எவ்வளவு தட்டை என்பதற்குத்தான் நல்ல அளவு தேவைப்பட்டது. அதைத் தென்னிந்தியாவில் எடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை. கம்பெனி காசில் சொந்தக் கனவு! சென்னையில் கணக்குப் பார்க்கிற அதிகாரி ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குத் தூக்கறவங்ககிட்ட சொன்னா கொண்டுபோய் விடுவாங்க, இதுக்கு எதுக்கு இவ்ளோ செலவு என்கிற ரீதியில் கேட்டதாக ஒரு கதை உண்டு. எல்லா ட்ரிப் பிளானிலும் இப்படி ஒருத்தர் இருப்பார்தானே?

சரி, மேட்டருக்கு வருவோம். தாம்பரம் சானடோரியம் பச்சைமலை மேல நீங்க நிக்கறீங்க, திருநீர்மலை மேல உங்க ஃப்ரெண்ட் நிக்கறார்னு வைங்க. ரெண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது துல்லியமாகத் தெரியும். ரெண்டு பேருமே திரிசூலம் மலை உச்சியைப் பார்த்து, அது எந்தக் கோணத்தில் தெரியுதுன்னு குறிச்சுக்கறீங்க. அவ்ளோதான். திரிசூலத்துக்கு நடந்தே போகாம, உங்க ரெண்டு பேரிடமிருந்தும் அது எவ்வளவு தூரம்னு கணக்குப் போட்டுடலாம், பத்தாங்கிளாஸ் முக்கோணக் கணக்குதான். அந்த முக்கோணத்தின் ஒரு பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அதற்கடுத்தது... இப்படியே நாடு முழுக்கப் போகலாம். ஒரே நிபந்தனை, முதல் கோட்டைத் தரையில் நிஜமாக அளக்கவேண்டும். அதில் ஒரு சாண் தப்பினால் அந்தத் தப்பு முக்கோணத்துக்கு முக்கோணம் கூடவே வரும்.

அந்த முதல் கோட்டுக்கு லாம்டன் தேர்ந்தெடுத்த இடம், பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை. ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். இன்னிக்கு பைக்ல அரை மணி நேரம், ட்ராஃபிக் இல்லேன்னா. (ட்ராஃபிக் இல்லாத நாள் எதுன்னு என்னைக் கேக்காதீங்க.) லாம்டனுக்கு அந்த 12 கிலோமீட்டரை அளக்க ஆறு வாரம் ஆச்சு! 1802 ஏப்ரல் 10-ல் ஆரம்பித்து மே 22-ல் முடித்தார். தேதியைக் கவனிச்சீங்களா? நடுவுல கத்திரி வெயில்.

அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால். 40 கண்ணி, ஒவ்வொன்றும் இரண்டரை அடி. அந்தச் சங்கிலிக்கே ஒரு சோகக் கதை இருக்கு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்ப, கல்கத்தாவுக்கு வந்து கிடந்த செகண்ட் ஹேண்ட் சரக்கு. வெயில் பட்டால் எஃகு நீளும், அதனால் சங்கிலியைத் தரையில் போடாமல் முக்காலிகள் மேல் வைத்த மரப்பெட்டிகளுக்குள் நீட்டி, கூடவே தெர்மாமீட்டர் வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார்கள். ஒரு சங்கிலி நீளம் முடிந்ததும் எல்லாவற்றையும் தூக்கி முன்னால் வைத்து மறுபடி முதலிலிருந்து. இப்படி சுமார் 400 தடவை. மலை ஏறவே இல்லை இன்னும், சமதரையிலேயே ஆறு வாரம் போச்சு. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான். அந்த ஆறு வாரத்தைச் சுருக்கப் பார்த்திருந்தால், பின்னால் வரும் எந்த மலையும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்திருக்காது.

அந்த அளவு எப்படி இருந்தது தெரியுமா? பெங்களூர் பக்கம் 1804-ல் இன்னொரு கோட்டைத் தரையில் அளந்தார்கள். பரங்கிமலைக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும், தரையில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் நாலு அங்குலத்துக்கும் குறைவு. நம்ம ஊர் மனைத் தகராறுகளில்கூட இதைவிட அதிகமாக வித்தியாசம் வரும்!

அடுத்து கருவி. கோணம் அளக்கும் தியோடலைட், எடை அரை டன். லண்டனில் செய்து கப்பலில் அனுப்பினால், வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் பெருந்தன்மையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அதற்காகக் காத்திருக்காமல், அது வருவதற்குள் லாம்டன் சங்கிலி வேலையை முடித்திருந்தார் என்பதைக் கவனிங்க.

1802 செப்டம்பரில் கருவி கைக்கு வந்தது. முதலில் கடலூர் பக்கம், பிறகு மேற்கே பெங்களூரைத் தாண்டி மங்களூர் வரை. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் நடுவில் 400 மைல் என்று மேப்புகள் காட்டிக்கொண்டிருந்தன. அளந்து பார்த்தால் 360 மைல்தான். ஒரே அளவையில் 40 மைல் நிலம் காணாமல் போனது!

இங்கேதான் உங்க குடில் விட்டுக் குடில் பிளானுக்கும் இவருக்கும் ஒற்றுமை. அடுத்த குடிலுக்கு புக்கிங் இல்லாமல் கிளம்பமுடியாது, இல்லையா? லாம்டனுக்கு இந்த மலையிலிருந்து பார்த்தால் அடுத்த மலை தெரியவேண்டும். அதற்காகக் கொடிக்காரர்கள் முன்கூட்டியே கிளம்புவார்கள். காட்டை வெட்டிப் பாதை போட்டு, உச்சி ஏறி, கொடி நட்டுக் காத்திருப்பார்கள். தூசி மூட்டம் இருந்தால் கொடி தெரியாது. மழைக்குப் பிறகு காற்று தெளிந்தால் நன்றாகத் தெரியும், ஆனால் அப்போதுதான் காட்டில் காய்ச்சல். கொடிக்காரர்களும் லஸ்கர்கள் எனப்பட்ட சுமையாட்களும் காய்ச்சலில் செத்தார்கள், புலியிடம் சிக்கினார்கள். தியோடலைட்டை மலைமேல் ஏற்றியது அவர்களுடைய தோள்தான். அவர்கள் பெயரோடு எந்த மலையும் இல்லை. ஊர்க்காரர்களுக்கும் இவர்கள் மேல் சந்தேகம், தொலைநோக்கி வைத்து வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்கள் என்று. பக்கத்தூர் மலைக்கு ட்ரோன் எடுத்துட்டுப் போனவங்களுக்கு இந்த அனுபவம் இருக்கும்.

உதவியாளர்களில் ஒருவர் மட்டும் பெயரோடு நிலைத்தார். ஜோஷுவா டி பென்னிங், சென்னையில் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளியில் படித்த ஆங்கிலோ இந்தியப் பையன். அந்தப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி. ஆமாம், நம்ம கிண்டிதான்.

1808. தஞ்சாவூர். காவிரி டெல்டாவில் மலை எங்கே இருக்கு? எங்கே பார்த்தாலும் தென்னை. அதனால் கோயில் கோபுரங்களையே மலையாக்கிக்கொண்டார் லாம்டன். பெரிய கோயிலில் 200 அடிக்கும் மேல் உயரமான விமானம் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? கயிறு கட்டி அரை டன் கருவியை மேலே இழுத்தார்கள். பாதி உயரத்தில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணம் அளக்கும் பெரிய வட்டமே நெளிந்துபோச்சு.

இங்கிலாந்திலிருந்து புதுசு வரவழைக்கணும்னா வருஷக்கணக்காகும். செலவை எதிர்த்தவர்களுக்கு நல்ல சாக்கும் ஆயிடும். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? லாம்டன் கருவியைப் பிரித்துக் கூடாரத்துக்குள் கொண்டுபோய், கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடாமல், நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினார். ஆறு வாரம். பரங்கிமலையில் வெயிலில் ஆறு வாரம், இங்கே கூடாரத்துக்குள் ஆறு வாரம்! அதே கருவியோடு மறுபடி கிளம்பிக் கன்னியாகுமரி வரை போனார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கருவியின் துல்லியத்தைச் சந்தேகப்பட்டார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும், அடிபட்டது அடிபட்டதுதான்.

கன்னியாகுமரி முடிந்ததும் வடக்கே ஐதராபாத்தைத் தாண்டிப் போகும் வேலை. குடும்பங்களும் கூடவே நகரும், கூடாரம்தான் வீடு. 1818-ல் இந்த வேலைக்கு இந்தியப் பெரும் முக்கோண அளவை என்று பெயர் வந்தது. அதே வருஷம் உதவிக்கு வந்து சேர்ந்தார் ஓர் இளைஞர், ஜார்ஜ் எவரெஸ்ட். (அவர் குடும்பம் பெயரை ஈவ்ரெஸ்ட் என்றுதான் சொல்லும். நாம யாருமே சரியா சொல்றதில்லை.) எவரெஸ்ட் கறார் பேர்வழி, ஆட்களை விரட்டி வேலை வாங்குபவர். லாம்டன் அதிகம் பேசாதவர், பொறுமைசாலி. ரெண்டு பேரில் யாரோடு நாலு நாள் மலை ஏறப் பிடிக்கும்னு கேட்டா, நான் யோசிக்கவே மாட்டேன்.

70 வயதை நெருங்கிய லாம்டன், இருமலும் காய்ச்சலுமாக நாக்பூரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் இறந்துபோனார். கல்லறை அங்கேதான். அவர் அங்கிருந்து இமயமலையைப் பார்த்ததே இல்லை. மீதிக் கோட்டை எவரெஸ்ட் 1841-ல் டேராடூன் பக்கம் கொண்டுபோய் முடித்தார், மொத்தம் சுமார் 2,400 கிலோமீட்டர். அந்த முக்கோணங்களிலிருந்து நீண்ட கோடுகளை வைத்துத்தான், வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் உள்ளிட்டவர்களின் கணக்கில் 15-ம் எண் சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்று 1850-களில் தெரிந்தது. 29,002 அடி. 1865-ல் அதற்கு எவரெஸ்ட் பெயர் நிலைத்தது.

உங்க ட்ரிப்புக்கு வருவோம். தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீங்க. வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் திறந்திருக்கும் பாதைகளில் பெரும்பாலானவை ஒரே நாள் நடை. முதலில் அதில் ஒன்றை முடிங்க, நாலு நாள் நடையை அப்புறம் பார்க்கலாம்.

அதுக்கும் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில தாம்பரத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சு பரங்கிமலை ஸ்டேஷன்ல இறங்குங்க. மாட்டப்போற பையில போடவேண்டிய எடையைப் போட்டுக்கிட்டு நூத்துச் சொச்சம் படியும் ஏறுங்க. மேலே லாம்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கு, நிறைய பேர் கவனிக்காமலே செல்ஃபி எடுத்துட்டுப் போயிடறாங்க. அங்கிருந்து தெற்கே பாருங்க, பெரும்பாக்கம் குன்று தெரியுதான்னு. ரன்வே ஒரு பக்கம், நடுவில் அடுக்குமாடிகள், எனக்குத் தெரியலை. மூணு தடவை ஏறிட்டேன். தண்ணி பாட்டில் ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துட்டுப் போங்க, ஏப்ரல்னா மூணு.