டாம் சாயர் ஊர் நிஜமாவே இருக்கா? மார்க் ட்வைன் வளர்ந்த ஹானிபலின் கதை

வேலிக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னால், அந்த வேலையையே ஏதோ பெரிய பாக்கியம் மாதிரி காட்டி, ஊர்ப் பசங்களிடம் ஆப்பிளும் பட்டமும் வாங்கிக்கொண்டு அவர்களையே அடிக்கவைத்த பையன் டாம் சாயர். அந்த வேலியை இப்போதும் பார்க்கலாம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஹானிபல் என்ற சின்ன ஊரில், ஹில் தெருவில். வேலி பிற்காலத்தில் வைத்ததுதான். பக்கத்து வீடு மட்டும் அசல்.

அந்த வீட்டுப் பையன் பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். பிறந்தது 1835-ல், அதே மாநிலத்தின் ஃப்ளோரிடா என்ற குக்கிராமத்தில். நாலு வயதில் குடும்பம் ஹானிபலுக்கு வந்தது. 11 வயதில் அப்பா போய்விட்டார். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. 1853-ல், 17 வயதில் ஊரைவிட்டே கிளம்பினார். மார்க் ட்வைன் என்ற பெயரில் டாம் சாயர் நாவலை வெளியிட்டது 1876-ல்.

நாவலில் ஊருக்குப் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பெயரைத்தான் மாற்றினார், இடங்களை அப்படியே வைத்துக்கொண்டார். ஹாலிடே குன்று கார்டிஃப் குன்று ஆனது. ஆற்றின் நடுவே இருந்த கிளாஸ்காக் தீவு, பசங்க ஓடிப்போய் ஒளியும் ஜாக்சன் தீவு. எதிர்வீட்டு லாரா ஹாக்கின்ஸ்தான் பெக்கி தாட்சர். டாமும் பெக்கியும் வழி தெரியாமல் தவிக்கும் குகையும் நிஜம். அந்தக் குகையில் மெக்டவல் என்ற டாக்டர், இறந்துபோன தன் மகளின் உடலைச் செம்பு உருளையில் போட்டு வைத்திருந்ததாக ட்வைன் பின்னாளில் எழுதினார். குழந்தைகள் கதைக்கு இது தாங்காது என்று நினைத்தாரோ என்னவோ, நாவலில் அது இல்லை.

நிஜ ஊர் கதையைவிட ரொம்பக் கரடுமுரடானது. ஒரு ராத்திரி வீட்டுக்குப் போகப் பயந்து அப்பாவின் அலுவலகத்தில் படுத்த சிறுவன், நிலா வெளிச்சம் மெல்ல நகர்ந்து வர, தரையில் கிடந்த பிணத்தைப் பார்த்தான். 1845-ல் ஊர்த் தெருவிலேயே ஒரு வியாபாரி இன்னொருவரைச் சுட்டுக் கொன்றார். அந்தக் கொலை ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் ஒரு அத்தியாயமாகவே வந்தது.

ஹக் யார்?

கிளெமென்ஸ் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது பிளாங்கன்ஷிப் குடும்பம். குடிகார அப்பா, பரம ஏழைகள். அந்த வீட்டு டாம் பிளாங்கன்ஷிப் பள்ளிக்கூடம் போகாமல், செருப்பில்லாமல் சுற்றிய பையன். அவனோடு சேரக் கூடாது என்று எல்லா வீட்டிலும் தடை. அதனாலேயே எல்லாப் பசங்களுக்கும் அவன்மேல் ஆசை. ஹக் உருவம் அவனுடையது.

ஹக்கின் மனசு, அவன் அண்ணன் பென்ஸுடையது. 1847-ல் தப்பியோடிய கறுப்பின அடிமை ஒருவர் ஆற்றின் இல்லினாய் கரைப் பக்கச் சதுப்பில் ஒளிந்திருந்தார். பிடித்துக் கொடுத்தால் 50 டாலர். ஒழுங்கான சாப்பாட்டுக்கே வழியில்லாத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! உதவி செய்தால் குற்றம், ஊரின் வெறுப்பு வேறு. பென்ஸ் வாய் திறக்கவில்லை. வாரக்கணக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். கடைசியில் மரம் வெட்டுபவர்கள் துரத்த, அந்த மனிதர் தண்ணீரில் மூழ்கிப்போனார். சில நாள் கழித்து அந்தப் பக்கம் போன சாமுவேலும் நண்பர்களும் உடல் மேலே மிதந்து வந்ததைக் கண்டு அலறி ஓடினார்கள்.

இதை ட்வைன் குடும்பத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவர் அப்பா அடிமை வைத்திருந்தவர். 1841-ல், அடிமைகள் தப்பிக்க உதவ வந்த மூன்று பேரைச் சிறைக்கு அனுப்பிய ஜூரியில் ஒருவர். ஊரில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, சின்ன வயதில் ட்வைனுக்கும்தான். ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை ஹக் கிழித்துப் போடும் காட்சியை அவர் வெளியிட்டபோது வயது 49.

ட்வைன் கடைசியாக ஹானிபலுக்கு வந்தது 1902-ல். பழைய வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். 1910-ல் காலமானார். இரண்டே வருடத்தில் அந்த வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஜிம் பெயரில், ஊரின் கறுப்பின மக்கள் வரலாற்றைச் சொல்லும் சின்ன அருங்காட்சியகம் அங்கே வந்தது 2013-ல்.