தெட்சணாமூர்த்தியின் தவிலும் எஞ்சிய ஒலிநாடாக்களும்

யாழ்ப்பாணத்துத் தவில் என்றதும் ஈழத்திலும் தமிழகத்திலும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் தெட்சணாமூர்த்தி. அவர் மறைந்து அரை நூற்றாண்டாகிறது. நேரில் கேட்ட தலைமுறை குறைந்து வருகிறது. எனக்கு அவர் பழைய ஒலிநாடாக்களில்தான் அறிமுகமானார்.

1933 ஆகஸ்ட் 26 இல் இணுவிலில் பிறந்தார். சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாண நகர்ப்பக்கம் போக, மருதனார்மடத்துக்கு அடுத்து வரும் ஊர் அது. தந்தை விஸ்வலிங்கமும் தவில் வித்துவான். பின்னர் தெட்சணாமூர்த்தி அளவெட்டியில் வாழ்ந்தார். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கு வாசித்தார். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் அவருடைய மேளச் சமா என்றால் சனம் விடியும்வரை வெளிவீதியை விட்டு எழும்பாது என்று மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

கடல் கடந்தும் அந்தப் புகழ் போனது. காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்னமௌலானா ஆகியோருடன் தமிழகத்தில் வாசித்தார். தஞ்சை மண்ணின் வித்துவான்களே அவரைத் தங்களுக்குச் சமமாக மதித்தார்கள். 1975 மே மாதம் காலமானபோது வயது 41 தான்.

சுன்னாகத்தில் சிறிய ஒலிப்பதிவுக் கூடமொன்றில் நான் தனித்தவில் பதியப் பழகி வருகிறேன். பலா மரத்தில் குடைந்த அந்த வாத்தியத்தில் இரண்டு குரல்கள் உண்டு. விரல்களில் கூடு மாட்டி அடிக்கும் வலந்தலை கூர்மையாக வெடிக்கும். கழியால் அடிக்கும் தொப்பி கனமாக ஒலிக்கும். மைக்கைக் கிட்ட வைத்தால் கூடுகளின் சத்தம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தள்ளி வைத்தால் அறையின் எதிரொலி வேகமான சொற்களைக் குழப்பும். அதனால் இரு பக்கத்துக்கும் தனித்தனி மைக் வைத்து, மிகப் பலமான அடியிலும் ஒலி சிதறாதபடி அளவைக் குறைத்துப் பதிகிறோம்.

தெட்சணாமூர்த்திக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. எஞ்சியவற்றில் நான் கேட்டவை கச்சேரி நடந்த இடத்திலேயே பதிந்தவை. அவற்றில் நாதஸ்வரம் முன்னுக்கு நிற்கும். பலமான அடிகள் சிதறும். சனத்தின் பேச்சும் கேட்கும். ஆனாலும் எவ்வளவு வேகத்திலும் அவருடைய ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுகிறது. கருவி குறைந்த பதிவிலும் நாதம் கெடாமல் கேட்பது அவருடைய கைத்திறன். தனித்தவில் பதிய உட்காரும்போதெல்லாம் என் காதில் இருக்கும் அளவுகோல் அதுதான்.

அந்த நாடாக்களில் எத்தனை அழிந்தன என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது பிள்ளைகளையும் உடுப்பையும் தூக்கிக்கொண்டுதான் போனது. அலுமாரியில் இருந்த கசற்றுகளை யார் நினைத்தார்? திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குக் கூரைகூட இல்லை.

அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2015 ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. வெளியூரார் ஒருவர் தேடி எடுத்ததற்குப் பிறகாவது நாம் தேட வேண்டும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ கொழும்பிலோ ஒரு பெட்டியின் அடியில் பழைய திருவிழாக் கசற் கிடக்கலாம். பூஞ்சணம் பிடித்திருந்தால் வீட்டு இயந்திரத்தில் ஓடவிட வேண்டாம், நாடா அறுந்துவிடும். பழக்கப்பட்டவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றி, இரண்டு பிரதிகளை இரண்டு இடங்களில் வையுங்கள். மேலட்டையில் கோயிலின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். இன்று வாசிக்கும் மூத்த வித்துவான்களின் தனித்தவிலையும் அவர்கள் இருக்கும்போதே பதிந்துவிடுவோம்.