நக்கவாரத்துப் பெருமகன் ஜான் ரிச்சர்ட்சன்



ரயில் வண்டியே ஓடாத தீவில் ரயில்வே எழுத்தராய் அமர்ந்திருப்பவர் நாம். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள போர்ட் பிளேயரில், கடல் கடந்து சென்று தாயகத்தில் வண்டி ஏறுவோர்க்கு முன்பதிவுச் சீட்டு வழங்குவதே நமது அன்றாடக் கடமை. நம் சன்னலின் முன் வந்து நிற்போருள் கார் நிக்கோபார் தீவினரும் உண்டு. கல்லூரிக்குச் செல்லும் இளைஞர் சிலர். நோயுற்றாரை வேலூருக்கு அழைத்துச் செல்லும் உறவினர் சிலர். அவர்கள் நிரப்பித் தரும் படிவங்களில் காணும் பெயர்களோ பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்கள். பெயரை மட்டும் படித்தால் இலண்டன் மாநகரத்தார் என்றே எண்ணத் தோன்றும். ஆயினும், படிவத்தை நீட்டிவிட்டுத் தம்முள் உரையாடத் தொடங்கினால், அவ்வுரையாடல் முழுதும் அவர்தம் தாய்மொழியிலேயே நிகழும்.

பெயர் அயலாருடையது, பேச்சு தம்முடையது. இஃது எவ்வாறு அமைந்தது என்று தெரிந்தோரிடம் உசாவினோம். கிடைத்த விடை ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறாக இருந்தது. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு தமிழரும் நிற்கிறார் என்று அறிந்தபோது நாம் அடைந்த உவகைக்கு அளவில்லை. அதனை இவ்வாண்டு விழா மலரில் நம்மவர்க்குச் சொல்லவேண்டும் என்பதே நம் அவா.

நிக்கோபார்த் தீவுகள் தமிழர்க்குப் புதியன அல்ல. மாமன்னன் இராசேந்திர சோழனின் கடல் கடந்த வெற்றிகளைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு, நக்கவாரம் என்று குறிப்பது இத்தீவுகளையே. அவற்றுள் வடகோடியில் உள்ளது கார் நிக்கோபார். போர்ட் பிளேயருக்குத் தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில், தென்னை சூழ்ந்து கிடக்கும் தட்டையான தீவு அது. நம் ஊர் நெற்குதிர் போல வட்டமாக, உயர்ந்த கால்களின்மேல் நிற்கும் கூரை வீடுகளே அவர்தம் பழைய குடில்கள். பல தலைமுறையினர் ஒன்றாக வாழும் கூட்டுக் குடும்பத்தைத் துஹேத் என்று அழைப்பர்.

அத்தீவின் மூஸ் என்னும் சிற்றூரில் 1884ஆம் ஆண்டில் ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் இட்ட பெயர் ஹா செவ் கா. அக்குழந்தையே பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன் என உலகறிய விளங்கியது.

அக்காலத்தில் அத்தீவில் பள்ளி இல்லை; அவர்கள் மொழிக்கு எழுத்தும் இல்லை. தேங்காய் கொள்ள வரும் கப்பல்களோடு பண்டமாற்று நடந்தது. ஒருவர்மேல் பேய் ஏறியுள்ளது என்று ஊரார் துணிந்துவிட்டால், அவரைக் கொன்றுவிடும் கொடிய வழக்கமும் இருந்தது. இச்சூழலில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், வேதப்பன் சாலமன் என்னும் தமிழர் மூஸ் ஊரில் வந்து குடியேறினார். ஆங்கில அரசுக்கு அவர் முகவர். ஆங்கிலத் திருச்சபைக்கு அவர் உபதேசியார். ஊர்ச் சிறுவர்க்கோ அவர் ஆசிரியர். அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகள் 1901ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கறிக்கைக்குப் பயன்பட்டன. நிக்கோபார் மக்களின் பழைய வாழ்க்கையை ஆராய்வோர்க்கு இன்றும் அவை துணையாகின்றன.

சாலமனிடம் எழுத்தறிந்த சிறுவருள் ஒருவர் ஹா செவ் கா. அறிவுக் கூர்மை மிக்க அச்சிறுவரைப் பர்மாவின் மாண்டலே நகருக்கு அனுப்பினர். அங்கே ஆங்கிலத் திருச்சபையார் நடத்திய பள்ளியில் அவர் பயின்றார். மணல் தரையில் விளையாடிய பிள்ளை, ஆங்கில ஆசிரியர்களின் நடுவே வளர்ந்தார். உண்ணும் உணவு வேறு. உடுக்கும் உடை வேறு. மணி அடித்தால் எழுவதும் மணி அடித்தால் உறங்குவதும் வேறு. தாய்மொழியில் ஒரு சொல் பேசுவதற்கும் அங்கே ஆள் அரிது. இளம் உள்ளம் எத்துணை ஏங்கியிருக்கும் என்பதைத் தாய்நாடு விட்டு வந்த நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆங்கிலச் சூழலின் கவர்ச்சி எத்தகையது என்பதை நாமும் ஓரளவு அறிவோம். திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலை ரயில்வே குடியிருப்பில் நாம் பிறந்து வளர்ந்தோம். எந்தையார் அங்குள்ள தொழிற்சாலையில் பணி புரிந்தார். எம் இளமையில் அங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சில எஞ்சியிருந்தன. கிறிஸ்துமஸ் நாளில் அண்டை வீட்டு அம்மையார் தட்டு நிறையக் கேக்கு அனுப்புவார். எம் அன்னையார் பொங்கலன்று அதே தட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் திருப்பி அனுப்புவார். அவ்வீட்டிலிருந்து வரும் பியானோ இசையும், அங்குள்ள பிள்ளைகள் தங்குதடையின்றிப் பேசும் ஆங்கிலமும் கேட்டு, நாம் அவ்வீட்டில் பிறக்கவில்லையே என்று ஏங்கிய நாட்கள் உண்டு. மெட்ரிகுலேசன் தேர்வோடு நம் படிப்பு நின்றது. அவ்வேக்கம் மட்டும் நெடுநாள் நிற்கவில்லை.

ரிச்சர்ட்சனோ அச்சூழலிலேயே வளர்ந்தும் அதிலேயே கரைந்துவிடவில்லை. ஆங்கிலம் கற்ற நிக்கோபார் இளைஞர்க்கு அன்று பர்மாவில் நல்ல பணி கிடைப்பது அரிதன்று. அவரோ தம் தீவுக்கே திரும்பினார். 1912ஆம் ஆண்டில், தம் ஆசிரியர் சாலமன் நடத்திய மூஸ் பள்ளியின் பொறுப்பைத் தாமே ஏற்றார். ஆங்கிலேயரிடம் கற்ற கால்பந்தாட்டத்தைச் சிறுவர்க்குக் கற்பித்தார். இன்றும் அத்தீவில் கால்பந்துக்கு உள்ள மதிப்பு எந்த விளையாட்டுக்கும் இல்லை. பேய் பிடித்தாரைக் கொல்லும் வழக்கம் ஒழியவும் இடைவிடாது பாடுபட்டார்.

அவர் செயல்களுள் தலையாயது மொழித்தொண்டே. எழுத்தில்லாத தம் தாய்மொழியை ரோமானிய எழுத்தில் எழுதும் நெறியை அவர் வளர்த்தார். ஜார்ஜ் வொயிட்ஹெட் என்னும் ஆங்கிலப் பாதிரியார் கார் நிக்கோபார் மொழிக்குத் தொகுத்த அகராதி 1925ஆம் ஆண்டில் இரங்கூனில் அச்சாயிற்று. ரிச்சர்ட்சன் வேதாகமத்தைத் தம் மொழியில் பெயர்க்கும் பெரும்பணியை மேற்கொண்டார். புதிய ஏற்பாடு 1950ஆம் ஆண்டிலும், முழு நூல் 1969ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. சமயம் எதுவாயினும் ஆகுக. பேச்சாக மட்டும் இருந்த ஒரு மொழியில் அத்துணைப் பெரிய நூலைப் படிக்கக் கொடுத்த உழைப்பை யார்தாம் போற்றாதிருப்பர்?

இடையில் வந்தது இரண்டாம் உலகப் போர். 1942ஆம் ஆண்டில் ஜப்பானியப் படை இத்தீவுகளைக் கைப்பற்றியது. கார் நிக்கோபாரில் விமானத் திடல் அமைக்க மக்களைக் கட்டாயமாக வேலை வாங்கினர். போர் முடியும் தறுவாயில், ஆங்கிலேயர்க்கு உளவு சொன்னார்கள் என்று குற்றஞ்சாட்டிப் பலரைத் துன்புறுத்திக் கொன்றனர். ஆங்கிலப் பெயரும் ஆங்கிலக் கல்வியும் உடையவரை ஐயுறாது விடுவாரோ? ரிச்சர்ட்சன் சிறைப்பட்டார், கொலைத் தண்டனைக்கும் உரியவரானார். புத்திர சோகமும் அவரைச் சூழ்ந்தது. 1945ஆம் ஆண்டில் ஜப்பான் பணிந்ததால் அவர் உயிர் தப்பியது. மகனைப் பறிகொடுத்த அத்தந்தை, மூலையில் அமர்ந்து அழுதுகொண்டிராமல், சிதைந்த ஊர்களை மீண்டும் எழுப்ப மக்களோடு நின்றார். மக்கள் அவரைத் தந்தையாகவே கொண்டனர்.

நாடு விடுதலை பெற்றபின் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1950ஆம் ஆண்டில் கல்கத்தா மறைமாவட்டத்தின் துணைப் பேராயர் ஆனார். 1952ஆம் ஆண்டில் அமைந்த முதல் மக்களவையில், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் உறுப்பினராகக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப் பெற்றார். அக்காலத்தில் இத்தீவுகளில் மக்களவைத் தேர்தல் இல்லை. 1967ஆம் ஆண்டில்தான் அது தொடங்கிற்று. 1966ஆம் ஆண்டில் அந்தமான் நிக்கோபாருக்கெனத் தனி மறைமாவட்டம் அமைந்தபோது அதன் முதற் பேராயரும் அவரே. இந்திய அரசு 1965ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும், 1975ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் அளித்துச் சிறப்பித்தது. 1978ஆம் ஆண்டில், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் அவர் மறைந்தார். கார் நிக்கோபாரின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அரசு அனுமதியின்றி அயலார் செல்லலாகாத தீவாதலின், நாம் கார் நிக்கோபாரைக் கண்டதில்லை. விடுமுறை நாளில் படகேறி நாம் காண்பது ராஸ் தீவைத்தான். இப்போது அது நேதாஜி பெயரால் வழங்குகிறது. ஆங்கிலேயர் அங்கே தம் ஊரையே அமைத்து வாழ்ந்தனர். தேவாலயம், மன்றம், ரொட்டிக்கூடம், டென்னிஸ் திடல் யாவும் இருந்தன. இன்று அச்சுவர்களை ஆலின் வேர்கள் கவ்விக் கிடக்கின்றன. அங்கு வளர்ந்த ஆங்கிலப் பிள்ளைகள் தம் நாடு சென்று இளமை நினைவுகளில் மகிழ்ந்திருப்பர். ஆனால், ஆங்கிலேயரிடம் வளர்ந்த இத்தீவின் பிள்ளை கட்டியது இடியவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப் பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களைத் துடைத்துச் சென்றது. 2001ஆம் ஆண்டில் 20,000 பேர் வாழ்ந்த தீவில் 2011ஆம் ஆண்டுக் கணக்கில் 18,000 பேரும் இல்லை. வீடும் தோப்பும் போயின. மொழி போகவில்லை, நம் சன்னல் முன் அதனை நாள்தோறும் கேட்கிறோம்.

இறுதியாக ஒன்று. சென்ற ஆண்டு மலர் வீட்டுக்கு வந்தபோது, எம் இளைய மகனிடம் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னோம். எட்டாம் வகுப்பு படிக்கும் அவன் தலைப்பையே எழுத்துக் கூட்டித்தான் படித்தான். பிழை பிள்ளையுடையது அன்று. ஆங்கிலப் பள்ளியில் சேர்த்ததோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு அனுப்பச் சோம்பினோம். பள்ளியை நாம் குறை கூறவில்லை. ஆங்கிலம் கற்றதனால் ரிச்சர்ட்சன் தாய்மொழியை மறந்தாரில்லை. கற்றதைக் கொண்டே அதனை வளர்த்தார். எழுத்தே இல்லாத மொழிக்கு அவர் அத்துணை செய்தார். ஈராயிரம் ஆண்டு எழுத்துடைய மொழியை நம் மக்கள் படிக்கவாவது நாம் செய்ய வேண்டாவா?

சித்திரை முதல் ஞாயிறுதோறும் நம் மகனைக் கைப்பிடித்து வகுப்புக்கு அழைத்து வருகிறோம். இக்கட்டுரையை அவனே படித்துக் காட்டும் நாளே நமக்கு ஆண்டு விழா நாள்.

வாழ்க ரிச்சர்ட்சன் புகழ்! வளர்க நம் சங்கம்!